பாண்காரர் நிற்காத வீடு

கொழும்புக்கு மீன் லொறி ஓட்டிப் போய்வந்த என் கணவருக்கு இன்று காலை எங்கள் வாசலில் வைத்தே கொரோனாவுக்கான பிசிஆர் சோதனை எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் எங்கள் ஊர் பேசாலை முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஊரடங்கில் கடைகள் பூட்டு. தினமும் ரொட்டி விற்க வந்து நிற்கும் பாண் ஆட்டோவும் எங்கள் வாசல் படலையைக் கடந்து பறந்தது.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா அதை மறித்துப் பாண் வாங்கினார்.

“தம்பி, அவையளுக்கும் ரெண்டு குடுங்கோ.”

“அங்க சோதிச்சவையாம் அக்கா. பயமாக் கிடக்கு.”

“நேற்று ஆஸ்பத்திரியில என்னையும் சோதிச்சவை. இப்ப என்ர கையிலதானே பாண் தந்தனீங்கள்?”

பாண்காரர் தன் கையையே பார்த்தபடி நின்றார். பிறகு இரண்டு பாணைப் பையில் போட்டு எங்கள் படலையில் தொங்கவிட்டுப் போனார்.

கணவர் அறைக்குள் தனியே இருக்கிறார். இருமுகிறாரா என்று நான் கதவோரம் நின்று கேட்கிறேன்.

சோதனை முடிவு இன்னும் வரவில்லை. தெரு எப்போதோ முடிவெடுத்துவிட்டது. உங்கள் ஊர்ப் பக்கம் எப்படி?