வாசல் தாண்டாத ஏழு மாதம்

ஹெல்மி லெஹ்டோவின் வலது கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண் இருந்தது. கால் ரத்தக்குழாய் பழுதாகி வந்த புண். ஆறினால் மெதுவாக ஆறும், ஆறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அதனால் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டார்லா என்ற நர்ஸ் வீட்டுக்கே வந்து கட்டு மாற்றினாள். செலவு மெடிகேருடையது. வயதானவர்களுக்கும் உடல் முடங்கிப்போனவர்களுக்கும் அரசாங்கம் தருகிற அந்தக் காப்பீட்டுக்காக ஹெல்மியின் சம்பளத்தில் முப்பத்தொரு வருடம் பிடித்திருந்தார்கள். இனாமாக வாங்குகிறோம் என்ற கூச்சம் அவளுக்கு இல்லை.

நர்ஸ் வீட்டுக்கு வர ஒரே ஒரு நிபந்தனை. நோயாளி வீட்டோடு முடங்கியவராக இருக்க வேண்டும்.

இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஹெல்மி ஏழு மாதம் தன்னைத் தானே சிறை வைத்துக்கொண்டாள். காவல்காரி எதிர்வீட்டு ஜன்னலில் இருந்தாள்.

ஹெல்மிக்கு எழுபத்துநான்கு வயது. சுப்பீரியர் ஏரியின் தென்கரையில், தாமிரச் சுரங்கம் மூடிய பிறகும் ஊரை விட்டுப் போகத் தெரியாத ஃபின்லாந்துக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவள். தாய் செத்ததும் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தட்டைக் காலி செய்யாத பிள்ளைக்கு இரண்டாவது கரண்டி போட மாட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "தினம் இருநூறு பேருக்கு ஆக்கிப் போடுறேன், ராத்திரி இன்னொருத்தனுக்கு வேறயா?" என்பாள்.

அச்சடித்த காகிதம் என்றால் அவளுக்கு ஆகாது. அது தன்னைப் பார்த்து இளிக்கிறது என்று நினைப்பாள். மெடிகேர் வருடாவருடம் அனுப்பும் தடிப் புத்தகங்களும், நர்ஸ் நிறுவனம் முதல் நாள் கொடுத்த நீலக் கோப்பும் நாற்காலிக்கு எதிரே முக்காலியில் அடுக்கியிருந்தன. மேலே ஒரு தலையணை, அதன் மேல் புண் கால். காலை உயர்த்தி வைக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தப் புத்தகங்களால் அவளுக்குக் கிடைத்த உபயோகம் அவ்வளவுதான்.

எதிர்வீடு அவளுடைய அண்ணன் ரெய்னோவுடையது. ஜன்னல் அவன் மனைவி டொய்னியுடையது. அப்பா கட்டிய சவுனா, அதாவது நீராவிக் குளியலறை, பாகம் பிரித்தபோது அண்ணன் பக்கம் போனது. சனிக்கிழமைதோறும் ஹெல்மி துண்டை எடுத்துக்கொண்டு அங்கே போவாள். ஒரு சனிக்கிழமை டொய்னி கதவில் பூட்டைப் போட்டு, "இனிமே எங்க குடும்பத்துக்கு மட்டும்" என்றாள்.

"அப்ப நான் யாரு?" என்றாள் ஹெல்மி.

"அதை உன் அண்ணன்கிட்ட கேளு."

ரெய்னோ விறகை அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. அன்றோடு பேச்சு அறுந்தது. இருபத்திரண்டு வருடம்.

ஆனால் பனி பெய்த ஒவ்வொரு விடிகாலையிலும் ரெய்னோ தன் டிராக்டரைக் கொண்டுவந்து தங்கையின் வாசல் பாதையில் பனியைச் சுத்தமாகத் தள்ளிவிட்டுப் போவான். உள்ளே வர மாட்டான். ஜன்னலில் மனைவி நிற்பாள். திரும்பும்போது சமையலறைப் பக்கம் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவான். ஹெல்மி தலையை ஆட்டுவாள். ஞாயிறன்று சர்ச்சில் மூன்றாவது பெஞ்சு லெஹ்டோ குடும்பத்துடையது. டொய்னி, ரெய்னோ, ஹெல்மி என்று வரிசை. அவன் நடுவில் சுவர் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

போன ஜூலையில் நர்ஸ் வரத் தொடங்கிய இரண்டாவது வாரம், ஹெல்மி கைத்தடியை ஊன்றிக்கொண்டு சாலையோரம் வரை போய் ஒரு கிண்ணம் புளூபெர்ரி பறித்தாள். இருபது அடி தூரம். திரும்பி வந்து நாற்காலியில் விழுந்து மூச்சு வாங்கும்போது போன் அடித்தது. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்ட டொய்னியின் குரல்.

"வீட்டோட முடங்கினவ பழம் பறிக்கிறாளா?"

ஹெல்மி எதிர் ஜன்னலைப் பார்த்தாள்.

"எங்கம்மா கதை உனக்குத் தெரியும்ல? வெளிய போறான்னு தெரிஞ்சதும் நர்ஸை நிறுத்திட்டாங்க. நீ வாசலைத் தாண்டினா நான் போன் போட்டுச் சொல்லுவேன். பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்."

அதற்கப்புறம் ஹெல்மி தாண்டவில்லை. ஊனமுற்றோர் வண்டியில் டாக்டரிடம் இரண்டு முறை போனாள், அவ்வளவுதான். தபாலை டார்லாவே பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். முடியைத் தானே கத்தரித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி கேட்டால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். டார்லா ஒவ்வொரு முறையும் காகிதத்தைப் பார்த்து, "வெளியே எங்கயாவது போனீங்களா?" என்று கேட்பாள். ஹெல்மிக்கு அது போலீஸ்காரன் கேள்வி மாதிரி இருக்கும். "போகலை" என்று வெடுக்கென்று சொல்வாள். கால் முடியாததால் போகவில்லை என்று டார்லா நினைத்துக்கொண்டாள்.

நவம்பரில் ரெய்னோவை ஆம்புலன்ஸ் ஏற்றிப் போனது. பத்து நாளில் திரும்பி வந்தான். இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று ஊர் பேசியது. சாலையைக் கடந்தால் அவன் கட்டில். ஹெல்மி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் ஜன்னலில் டொய்னி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிசம்பரில் டிராக்டர் மறுபடி வந்தது, முன்னைவிட மெதுவாக.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை விடிந்தபோது பாதையில் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. டிராக்டர் வரவில்லை. எதிர்வீட்டுக்கு முன்னால் இரவே வந்த நான்கு கார்கள் பனி மூடி நின்றன. டார்லா போன் செய்து, சாலை அடைத்துக்கிடக்கிறது, வெள்ளிக்கிழமைதான் வர முடியும் என்றாள். ஹெல்மி சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தாள். காப்பி ஆறிப்போனது.

பத்து மணிக்கு ஆர்வோ காங்காஸ் மண்வெட்டியோடு வந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், அவள் சமையலறையில் இருபது வருடம் காப்பி குடித்தவன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசற்படியில் நின்றான்.

"ஹெல்மி, உனக்கு யாரும் சொல்லலையா?"

"அந்த வீட்டுல இருந்து எனக்கு யார் சொல்லுவா? பனி சொல்லிடுச்சு."

"நேத்து சாயங்காலம். சாப்பிட்டு எழுந்தவன் அப்படியே சாஞ்சுட்டானாம். சனிக்கிழமை அடக்கம்." அவன் தொப்பியைக் கையில் சுற்றினான். "நீ ஏன் சர்ச்சுக்கு வர்றதே இல்ல? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன் இடத்துல தொப்பியை வச்சிருப்பான். யாரு உட்கார வந்தாலும் எடுக்க மாட்டான். 'அவ வருவா'ம்பான்."

"பனியைத் தள்ள வந்தியா, கதை சொல்ல வந்தியா?" என்றாள் ஹெல்மி. "போய் வேலையைப் பாரு."

அவன் வெட்டி முடித்துப் போகும்வரை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

வெள்ளிக்கிழமை டார்லா வந்து கட்டைப் பிரித்தாள். நாற்பது வயதுக்காரி, ஹெல்மி கையால் மதியச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவள். புண் ஓரங்களில் இளஞ்சிவப்பாகத் தோல் ஏறியிருந்தது.

"நல்லா ஆறிக்கிட்டு வருது, ஹெல்மிம்மா. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே பார்த்துக்கிட்டா போதும்."

"கட்டுத் துணி எவ்வளவு வச்சிருக்கே?"

"ஏன்?"

"இருக்கிறதை வச்சிட்டுப் போ. மருந்தும் வச்சிட்டுப் போ. நானே கட்டிக்கிறேன். திங்கக்கிழமையில இருந்து நீ வர வேண்டாம்."

"என்ன உளர்றீங்க?"

"நாளைக்கு நான் வெளிய போறேன். என் அண்ணனைப் புதைக்கப் போறேன். எதிர்வீட்டுக்காரி போன் போட்டுச் சொல்லுவா. நீங்க நிறுத்துவீங்க. நிறுத்துங்க. கால் போனா போகட்டும்."

டார்லா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "சாவுக்குப் போறதுக்கு யாரு நிறுத்துவா?"

"வீட்டோட முடங்கினவன்னு நீதானே எழுதியிருக்கே?"

"அதுக்காகக் கதவை ஆணி அடிச்சு மூடிக்கணுமா? துணை இல்லாம, ரொம்பச் சிரமப்படாம வெளியே போக முடியாதவங்க, அடிக்கடி போகாதவங்க, அதான் அர்த்தம். சாவுக்குப் போகலாம். முடி வெட்டிக்கப் போகலாம். எப்பவாவது கொஞ்சம் காத்தாட நடக்கலாம். சர்ச்சுக்குப் போறது கணக்குலயே வராது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போகலாம்."

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையுமா?"

"முதல் நாள் கொடுத்த கோப்புல எல்லாம் இருக்கே. எங்க அது?"

ஹெல்மி தன் காலைக் காட்டினாள். டார்லா தலையணைக்கு அடியிலிருந்து நீலக் கோப்பை உருவினாள். கால் இரண்டு விரல் அளவு இறங்கியது. வலியில் ஹெல்மி பல்லைக் கடித்தாள். டார்லா பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். அங்கே எல்லாம் இருந்தது. சர்ச், அடக்கம், முடி திருத்துவது.

"நான் கொடுத்தேனே, ஹெல்மிம்மா."

"கொடுத்தே. படிச்சுக் காட்டினியா? எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் காட்டினே. போட்டேன். வாராவாரம் வந்து 'வெளிய போனீங்களா, வெளிய போனீங்களா'ன்னு கேட்டியே, ஒரு நாளாவது 'ஏன் போகலை'ன்னு கேட்டியா?"

டார்லா கோப்பை மேஜையில் வைத்தாள். குனிந்து கட்டைப் போட்டு முடித்தாள்.

"ஜூலையில பழம் பறிச்சேன்" என்றாள் ஹெல்மி. "அது?"

"பறிச்சிருக்கலாம்."

முப்பது ஞாயிற்றுக்கிழமைகள். ஹெல்மி விரல் விட்டு எண்ணவில்லை. டார்லா போன பிறகு கோப்பை முக்காலியில் திரும்ப வைக்காமல் மேஜையிலேயே விட்டுவிட்டு, குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த நர்ஸ் நிறுவனத்தின் தொலைபேசி எண் அட்டையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆர்வோ வண்டியில் அவளைக் கூட்டிப் போனான். சர்ச் வாசலில் ஐந்து படி. ஆர்வோ ஒரு பக்கமும் சர்ச்சைப் பெருக்கி மணி அடிக்கும் மாட்சன் ஒரு பக்கமும் பிடித்து ஏற்றினார்கள். நடுவில் இரண்டு முறை நின்றாள். காலுறைக்குள் ஈரம் கசிவது தெரிந்தது. மேல்படியில் கறுப்புக் கோட்டு போட்டு டொய்னி நின்றாள். கணவனை இழந்த நான்கு நாளில் அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் வாய் அடங்கவில்லை.

"உயிரோட இருந்தப்ப எட்டிப் பார்க்காதவ இப்ப ஊருக்குக் காட்ட வந்துட்டியா?"

"எட்டிப் பார்க்க விட்டியா, அண்ணி?"

"நான் என்ன உன் காலைக் கட்டியா போட்டேன்? திங்கக்கிழமை காலையில முதல் போன் நான்தான் பண்ணுவேன். எங்கம்மாவுக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா?"

"உங்கம்மா வாரத்துக்கு நாலு நாள் பிங்கோ ஆடப் போனா, அண்ணி. தானே காரை ஓட்டிக்கிட்டு." ஹெல்மி கைப்பையைத் திறந்து அட்டையை நீட்டினாள். "இந்தா. நம்பர் தெரியாம தவிச்சுடாதே."

டொய்னி அதை வாங்கவில்லை. ஹெல்மி அவளுடைய கோட்டுப் பையில் செருகிவிட்டு உள்ளே போனாள்.

பெட்டி திறந்திருந்தது. ரெய்னோவுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார்கள். ஹெல்மி தடியைச் சாய்த்துவிட்டு, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

திங்கட்கிழமை டார்லா வந்தபோது முகம் சரியாக இல்லை.

"யாரோ ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்காங்க."

"யாரோவா?"

"சரி, அவங்கதான். நீங்க ஓடியாடித் திரியறீங்கன்னு சொல்லியிருக்காங்க. மேலதிகாரி எழுதிக் கேட்கிறாரு. எத்தனை நேரம் வெளியே இருந்தீங்க, யார் துணைக்கு வந்தாங்க, எல்லாம் சொல்லுங்க."

ஹெல்மி சொன்னாள். டார்லா எழுதினாள். இரண்டு ஆண்கள், ஐந்து படி, இரண்டு முறை நிறுத்தம், கட்டுத் துணியில் கசிவு. எழுதியதை இந்த முறை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். ஹெல்மி ஒரு இடத்தில் மறித்து, "படி ஏற நாலு நிமிஷம் இல்ல, ஆறு நிமிஷம் ஆச்சு" என்று திருத்தினாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டம் சரியாக எழுதியிருக்கலாம். அதைப் படிக்கிறவன் சரியாகப் படிக்க வேண்டுமே. கட்டுத் துணியை எண்ணிப் பார்த்தாள். ஒன்பது இருந்தது. தன் கையால் ஒரு முறை காலைச் சுற்றிப் பார்த்தாள். கோணலாகப் போனது. பிரித்துவிட்டாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு டார்லாவின் கார் பாதையில் திரும்பியது. அவள் பையோடு இறங்கினாள். எதிர் ஜன்னலில் திரை ஆடியது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் ஹெல்மி.

"ஒண்ணும் சொல்லலை. 'சாவுக்குத்தானே போனாங்க, அதுக்கா போன் பண்ணினாங்க'ன்னு கேட்டாரு. காலை நீட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஹெல்மி மறுபடி அந்த ஐந்து படியையும் ஏறினாள். பாடல் தொடங்கியிருந்தது. மூன்றாவது பெஞ்சில் டொய்னி ஓரத்தில் உட்கார்ந்து, ரெய்னோவின் இடத்தில் தன் பெரிய கறுப்புக் கைப்பையை வைத்திருந்தாள். ஹெல்மி தன் இடத்துக்குப் போகவில்லை. கைப்பையைத் தூக்கி டொய்னியின் மடியில் வைத்துவிட்டு, அண்ணனின் இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கோட்டுகளும் உரசின.

"அது அவர் இடம்" என்றாள் டொய்னி பல்லுக்குள்.

"தெரியும்."

"எத்தனை வாரம் இப்படி வர்றதா உத்தேசம்?"

ஹெல்மி பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பக்கத்தைத் தேடினாள்.

"எல்லா வாரமும், அண்ணி. சர்ச் கணக்குல வராது. வேணும்னா போன் போட்டுக் கேட்டுப் பாரு."