ஸ்டார்ட்டரில் செருகிய ஆப்பு

ஒரு தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, நிலத்தடி நீரை அளக்கும் அதிகாரி ஒருவர் வாடிப்பட்டிக்கு வடக்கே இருந்த எங்கள் ஊருக்கு வந்தார். கிணறுகள் வேகமாக வற்றுகின்றன, பகலில் கொஞ்ச நேரம் மட்டும் இறையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பிரசாரம் தொடங்கியதும் அந்தப் பேச்சை எடுக்க ஆளில்லை. பெரிய தலைவர் யாராவது வந்தால் நாள் முழுக்கக் கரண்டு இருக்கும். மறுநாள் சொல்லாமல் போய்விடும். எந்த நேரத்தில் வந்தாலும் மோட்டார் தானாக ஓட வேண்டுமென்று, எல்லோரும் ஸ்டார்ட்டர் பொத்தானில் மர ஆப்பைச் செருகி வைத்தார்கள்.

எங்களுடையது பங்குக் கிணறு. ஒரு மோட்டார் எங்களுக்கு, இன்னொன்று என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகனான என் கொழுந்தனாருக்கு. கட்சி வேறாகிப் போனதில் அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்றிருந்தது.

ஒரு நாள் மதியம் எங்கள் குழாயின் அடிவால்வு சேற்றில் புதைந்துவிட்டது. அதை எடுக்க என் வீட்டுக்காரர் கிணற்றில் இறங்கினார். எங்கள் ஃபியூஸைக் கழற்றி என் கையில் கொடுத்திருந்தார். கொழுந்தனாரின் மோட்டார் அறையோ பூட்டிக் கிடந்தது; உள்ளே அவர் ஸ்டார்ட்டரில் ஆப்பு செருகியிருந்தது. அதிலிருந்து கிணற்றுக்குள் இருக்கும் அவர் மோட்டாருக்குப் போன வயர், துணி சுற்றிய ஒட்டுகளோடு, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தொங்கியது. பக்கத்து ஊரில் அப்படி ஒரு வயரால் ஒருவர் செத்துப்போய் அதிக நாளாகவில்லை.

ரோட்டில் கலர் பல்புகள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மேல வாங்க, யாரோ வாராக போல!" என்று கத்தினேன்.

"கரண்டு ராத்திரிக்குத்தான் வரும். சும்மா இரு," என்றார் உள்ளேயிருந்து.

டீக்கடைக்கு ஓடினேன். ஆண்கள் நிறைந்த அந்தக் கடையைக் கடக்கும்போது நான் தலை நிமிர்ந்ததே இல்லை. கொழுந்தனார் அவர் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மதினி, எங்க கட்சியில சேர வந்துட்டீகளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கையிலிருந்த ஃபியூஸை நீட்டினேன். "உங்க அண்ணன் கிணத்துக்குள்ள இருக்காக."

"அய்யய்யோ, தலைவர் வாராருன்னு இப்பக் கரண்டை விட்டுருவாய்ங்களே!" டம்ளரை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, அறை திறந்து கிடந்தது. ஆப்பைக் கையில் பிடித்தபடி கொழுந்தனார் வாசலில் நின்றார். ரோட்டில் பல்புகள் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன.

அடிவால்வை விடுவித்துவிட்டுச் சேறும் தண்ணீருமாக ஏறி வந்த என் வீட்டுக்காரர், "இவனை எதுக்குக் கூப்பிட்ட?" என்று என்னிடம் சீறினார். கொழுந்தனார் ரோட்டைக் கைகாட்டினார். அதைப் பார்த்த பிறகு என் வீட்டுக்காரர் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆனாலும் வந்த கரண்டை விட இருவருக்கும் மனமில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் ஃபியூஸும் இரண்டு ஆப்புகளும் மறுபடி ஏறின. இரண்டு மோட்டாரும் இரைந்தன. பொழுது சாயும்போது கிணற்றை எட்டிப் பார்த்தேன். மதியம் தண்ணீருக்குள் இருந்த படிகள் ஈரத்தோடு வெளியே தெரிந்தன. அடுத்த முறை என் வீட்டுக்காரர் அதற்கும் கீழே இறங்க வேண்டும்.