மாமி கேட்ட வாங்கு

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், மரக்கறிக் கடை வாசலில், கவிழ்த்துப் போட்ட பெட்டியொன்றின் மேல் மாமி உட்கார்ந்திருந்த சனிக்கிழமைகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. மாமி என்றால் என் கணவரின் தாய். முழங்கால் தேய்ந்தவர். எங்கள் வீடிருக்கும் லா கூர்னெவில் என்னோடு ரயிலேறி, கார் து நோர் நிலையத்தில் இறங்கிக் கடைத்தெருவுக்கு நடந்து வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிடும். கடைக்கார அண்ணை இரங்கிப் பெட்டியைப் போட்டுக் கொடுப்பார். சனம் கூடிவிட்டால் அவரே வந்து, "அம்மா, ஒருக்கா எழும்புங்கோ, வாழைக்காய் எடுக்கவேணும்" என்பார். மாமி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கிழமை முழுக்க நாலாம் மாடியில் கதைக்க ஆளில்லாமல் கிடந்த மனுசிக்கு அந்தத் தெருவில்தான் வாய் திறந்தது. யாருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீடு வாங்கியது, எல்லாம் அங்கேதான் தெரியவரும். கால் நோவை வெளியில் சொல்லவேமாட்டார். சொன்னால் கூட்டிவராமல் விட்டுவிடுவேன் என்ற பயம் அவருக்கு.

நகரசபையை இங்கே நாங்கள் மெறி என்போம். வட்டாரத்தைத் திருத்தவென்று மெறி வருஷா வருஷம் காசு ஒதுக்கும். அதில் என்ன செய்யலாமென்று சனத்தையே கேட்பதற்கு ஆள் அனுப்பும். அந்த முறை இந்தக் கடைத்தெருவுக்கு ஒரு பெண் உத்தியோகத்தர் வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து மாமி என்னை நிம்மதியாகச் சமைக்கவிடவில்லை. "பிள்ளை, ஒரு வாங்கு போடச் சொல்லிக் கேக்கவேணும், என்ன? மரத்துக்குப் பக்கத்திலை. வெயிலும் படாது." வாங்கு என்கிற நீட்டு இருக்கைக்குப் பிரெஞ்சில் என்ன என்று கேட்டு, "பாங், பாங்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். என் வாயை நம்பவில்லைப் போலும்!

அந்தப் பெண் வந்தார். கையில் தெருவின் வரைபடம், முகத்தில் நல்ல சிரிப்பு. மாமியிடம் குனிந்து, இந்தத் தெருவில் உங்களுக்கு ஏதாவது தேவையா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். மாமி சேலைத் தலைப்பைச் சரிசெய்து, வாய் நிறையச் சிரித்து, "சீச்சீ, ஒண்டும் வேண்டாம். எல்லாம் நல்லா இருக்கு" என்றார். அதோடு விட்டாரா? "நோன், மெர்சி" என்று பிரெஞ்சிலும் சொல்லி முடித்தார். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

"என்ன மாமி செய்தனீங்கள்?"

"அவ இன்னொருக்காக் கேப்பா எண்டெல்லோ பாத்தனான்!"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சிரிப்பும் வந்தது. எங்கள் வீடுகளில் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்போம். திரும்பக் கேட்டால், சும்மா கரைச்சல்படாதேங்கோ என்போம். அதற்குப் பிறகுதான் கோப்பை கைக்கு வரும். கேட்டவுடனே ஓம் என்பவளைக் காணாததைக் கண்டவள் என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் மெறியிலிருந்து வந்த பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஓடிப்போய்ச் சொல்கிறேன் என்றேன். "வேண்டாம், வெக்கம்" என்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வருஷக் காசில் மரத்தடிக்குப் பூச்சாடிகள் வந்தன. "பூவுக்கு இருக்க இடம் இருக்கு, எனக்கில்லை" என்றார் மாமி. குளிர்காலம் வந்ததும் முழங்கால் வீங்கி, சனிக்கிழமைப் பயணம் நின்றது. நான் தனியே போய் வருவேன். அவர் பையைக் கிண்டி, "முருங்கைக்காயை முறுக்கிப் பாத்தனியே? முழுக்க முத்தல்" என்று குறை பிடிப்பார். பிறகு மெதுவாக, "ஆரைக் கண்டனி?" என்பார். நான் கண்டவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்த வருஷம் அதே பெண் வருகிற நாளில் மாமி மாத்திரையைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். அந்தப் பெண் "போன்ஷூர்" சொல்லி முடிக்கவில்லை. மாமி பூச்சாடிப் பக்கம் கையை நீட்டி, தெருவே திரும்பிப் பார்க்க, "மடாம், பாங்!" என்றார். எனக்கு மானம் போயிற்று. போன வருஷம் நடந்ததை அசடு வழிய விளக்கினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியென்றால் இந்தத் தெருவில் எல்லோரிடமும் நான் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டுமா?" என்றார். "ஓம், எல்லோரிடமும்" என்றேன். அவர் உண்மையாகவே முதல் கடைக்குத் திரும்பிப் போனார்.

வாங்கு வந்தது. பச்சை நிறம். மாமி அதில் ஒரு ஓரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். மன்னார்ப் பெண் ஒருவர் பக்கத்தில் வந்து இருக்கத் தொடங்கினார். ஒருவர் தேவாலயக் கதை, மற்றவர் கோயில் கதை, இருவருக்கும் மருமகள் கதை. நான் பைகளோடு வந்தால் சட்டென்று பேச்சு நின்றுவிடும். என்னைப் பற்றி என்னதான் சொன்னார்களோ! எத்தனை நல்ல சனிக்கிழமைகள் அவை.

மாமி கண்மூடிச் சில வருஷங்களாகிவிட்டன. இந்த வருஷமும் மெறியிலிருந்து ஆள் வந்தார். இளைஞர், கண்ணியமானவர். வாங்கை எடுத்துவிட்டுச் சைக்கிள் நிறுத்த இடம் செய்யலாமா என்று ஒரு யோசனை இருப்பதாகச் சொன்னார். மழைநாள். வாங்கு வெறுமையாகக் கிடந்தது. சுற்றி நின்ற எங்கள் ஆட்கள், "உங்களுக்கு எது வசதியோ அப்பிடிச் செய்யுங்கோ" என்று சிரித்துத் தலையாட்டினார்கள்.

"இதில் யாராவது உட்காருவதுண்டா?" என்று கேட்டார்.

"என் மாமியார்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். "சனிக்கிழமைகளில் வருவார்."

"இப்போதுமா?"

"இப்போதும்தான். அவருக்கு முழங்கால் ஏலாது. இருக்க இடமில்லையென்றால் வரமாட்டார்."