பாண்டிச்சேரிக்கு வழி தெரிந்தவன்

பாண்டிச்சேரிக்கு எத்தனை முறை வேன் ஓட்டிப் போயிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. ஸ்ரீரங்கத்தில் சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டுகிறேன். கல்யாணக் கூட்டம், காலேஜ் பிள்ளைகள், கோயில் சுற்றுகிறவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் போவேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஆட்களை இறக்கிவிட்டு, நிழலாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டிப் பின் சீட்டில் படுத்துவிடுவேன். விடியுமுன் கிளம்பி ஐந்து மணி நேரம் ஓட்டியவனுக்கு ஊர் சுற்றிப் பார்க்கத் தோன்றாது. அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவை மூன்றுதான்: வேன் நிறுத்த இடம், சுத்தமான கழிப்பறை, சாப்பாடு நன்றாக இருக்கும் ஒரு மெஸ்.

போன பொங்கல் முடிந்த வாரம் ஜீயபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர்கள் ஊர் மகளிர் குழுவுக்குத் தலைவி. குழுவில் ஒன்பது பெண்கள், எல்லாரும் வாழைத் தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்கிறவர்கள். இரண்டு நாள் பாண்டிச்சேரி போய்வர வேண்டும் என்றார்.

"எங்கள்ல ஒருத்தரும் அந்த ஊரப் பாத்ததில்ல தம்பி. சும்மா எறக்கிவிட்டுட்டுப் போயிடக் கூடாது. எது எதுன்னு சொல்லிக் காட்டணும். உங்களுக்கு எல்லாம் தெரியுமா?"

பக்கத்தில் இன்னொரு வேன்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார். "கண்ணக் கட்டிவிட்டாக்கூடச் சொல்லுவேங்க" என்றேன்.

சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, பெரம்பலூரில் இட்லி சாப்பிட்டு, விழுப்புரம் வழியாகப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. என் சீட்டுக்கு நேர் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கலாம். அதிகம் பேசவில்லை. மடியில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருந்தார். வழியில் தலைவிதான் சொன்னார்: அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். இவரை வரச் சொல்லி வற்புறுத்தி அனுப்பியதே அவர்தான். பார்ப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு வந்து சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

அதைக் கேட்டபோதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஊருக்குள் நுழைந்து பெரிய வாய்க்காலைத் தாண்டும்போது, "இது என்னங்கண்ணே?" என்று அந்தப் பெண் கேட்டார். "கோட்டை அகழிங்க. முதலை விட்டு வச்சிருந்தாங்க" என்றேன். பின்னால் பேனா ஓடும் சத்தம் கேட்டது. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் இறக்கிவிடும்போது, பிரெஞ்சுக்காரர்களே கட்டிக்கொடுத்த கோயில் என்றேன். மத்தியானம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருக்கும் சிவப்புத் தேவாலயத்துக்கு அழைத்துப் போனேன். உள்ளே வெயில் வண்ணக் கண்ணாடி வழியே தரையில் சிவப்பும் நீலமுமாக விழுந்து கிடந்தது. நானும் அன்றுதான் முதல் முறையாக உள்ளே போகிறேன். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால் என் முகத்தை யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கண்ணாடிக்கும் ஒரு கதை சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் போனோம். ஒரு நேரத்துக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள் என்பதால் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். வெள்ளை வெளேரென்ற பழைய கலங்கரை விளக்கம், அதன் எதிரே கறுப்புப் பாறைகள், பாறை மேல் வந்து உடைகிற அலை. பெரிய சிலைக்குப் பக்கத்தில் பூவேலை செய்த உயரமான கருங்கல் தூண்கள் நிற்கின்றன. தலைவி ஒரு தூணைத் தடவிப் பார்த்து, "இது ஏது தம்பி?" என்றார்.

"பிரான்ஸ்லேருந்து கப்பல்ல வந்ததுக்கா."

பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "யாரு சொன்னது? இது செஞ்சிக் கோட்டையிலேருந்து கொண்டாந்த தூணு. அந்தக் காலத்துல பிரெஞ்சுக்காரன் செயிச்சப்போ எடுத்தாந்தான்னு சொல்லுவாங்க. தூணுல நம்ம ஊரு யாளி இருக்குது, பாக்கலையா?"

பார்த்தேன். எவனுக்கும் தெரியும் அது நம் சிற்பி கைவேலை என்று. செஞ்சிக்கும் நான் எத்தனையோ முறை வேன் ஓட்டியிருக்கிறேன். ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நோட்டு வைத்திருந்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப அந்த வாய்க்கா?"

"அதுவும் எனக்குத் தெரியாதுங்க."

"முதல?"

"அது நானாச் சொன்னதுங்க."

"கோயிலு?"

"தெரியாதுங்க. எதுவுமே தெரியாது. நான் எப்ப வந்தாலும் வண்டியிலயே படுத்துத் தூங்கிருவேன்."

அவர் சத்தம் போடவில்லை. நோட்டைப் பார்த்தபடியே, "நான் இதையெல்லாம் போயி அவருகிட்ட அப்படியே சொல்லியிருப்பேனேண்ணே" என்றார். பிறகு பாறை மேல் உட்கார்ந்து எழுதியதையெல்லாம் ஒவ்வொரு வரியாக அடித்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். வண்டிக்குப் போய்விடலாமா என்று இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

தலைவிதான் முதலில் வாயைத் திறந்தார். "காலையிலேருந்து இவரு சொன்னதுல கழிப்பறை இருக்கிற எடம் மட்டுந்தான்டி சரியா இருந்துச்சு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. சுண்டல் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார், எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டினார். "நாளைக்கு நீங்க வண்டியில படுக்க வேணாம். எங்களோட வாங்க. தெரிஞ்சவங்களாப் பாத்துக் கேப்போம்."

மறுநாள் காலை கோயிலுக்கே மறுபடியும் போனோம். பூக்கடையில் கேட்டோம். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே உள்ள கோயில் அது. பக்கத்தில் மணல் நிறைந்த குளம் இருந்ததால் மணற்குளம், மணக்குளம் என்று பேர் வந்ததாம். அந்தப் பெண் எழுதிக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு மியூசியம். அங்கே இருந்த ஊழியர் ஒருவர் பொறுமையானவர். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர்கள், மேற்கே தமிழர்கள் என்று ஊர் இரண்டாகக் கிடந்ததையும், ஆங்கிலேயர்கள் ஒருமுறை ஊரையே இடித்துத் தள்ள, பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டியதையும் சொன்னார். ஒரு கண்ணாடிப் பெட்டியில் உடைந்த சாடித் துண்டுகள் இருந்தன. அரிக்கமேட்டில் தோண்டி எடுத்தவை. இரண்டு கைப்பிடி வைத்த அந்தச் சாடிகள் ரோமாபுரிப் பக்கமிருந்து கப்பலில் வந்தவையாம்.

"இதுல என்னங்க வந்துச்சு?" என்று தலைவி கேட்டார்.

"பெரும்பாலும் ஒயின்மா. திராட்சை மது."

"அப்பவே பாண்டிச்சேரிக்குச் சரக்கு வந்து எறங்கியிருக்கு பாருங்கடி!"

அந்த ஊழியரே சிரித்துவிட்டார்.

அடுத்த அறையில் ஒரு பழைய வண்டி நின்றது. மாடும் கிடையாது, குதிரையும் கிடையாது. சீட்டில் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. பின்னால் ஆள் தள்ளுவாராம். பெண்கள் கடந்து போய்விட்டார்கள். நோட்டுக்காரப் பெண் மட்டும் நின்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நானும் குனிந்து அடியில் பார்த்தேன். கம்பி நேராக முன் சக்கரத்துக்குப் போகிறது.

"இது எப்படிண்ணே திரும்பும்?" என்றார். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"உக்காந்திருக்கிறவர் இந்தக் கம்பிய இடது பக்கம் தள்ளுனா முன் சக்கரம் வலது பக்கம் திரும்பும். ஸ்டியரிங் அவரு கையில. பின்னால தள்ளுறவரு கால்தான் எஞ்சினு. எங்க போறோம்னு அவருக்குத் தெரியாது, முன்னால ஆளு மறைக்கும்."

"நெசமாவா?"

"வண்டி விஷயத்துல பொய் சொல்லமாட்டேங்க. வேணும்னா அந்த சாரையே கேளுங்க."

அவர் போய்க் கேட்டார். திரும்பி வந்து எழுதினார். வண்டியின் படத்தையும் வரைய முயன்று, சக்கரம் கோணலாக வந்ததும் என்னிடம் நோட்டை நீட்டினார். நான் வரைந்துகொடுத்தேன். டிராக்டர் ஓட்டிய மனிதருக்கு அது புரியும் என்று கம்பி சக்கரத்தோடு சேரும் இடத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

திரும்பும் வழியில் அரிக்கமேட்டுக்குப் போனோம். பெரிய கோட்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். ஆற்றோரத்தில் மரங்கள், இடிந்த செங்கல் சுவர், அவ்வளவுதான். மீதியெல்லாம் மண்ணுக்குள் என்றார் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர். தலைவி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, "ஏந்துரு வைக்கலாம்" என்றார். ஏந்துரு என்றால் எங்கள் பக்கத்து வாழை ரகங்களில் ஒன்று, நேந்திரம் என்றும் சொல்வார்கள். ரோமாபுரிக் கப்பல் வந்த இடத்தில் எந்த வாழை நன்றாக வரும் என்று அரை மணி நேரம் பேசினார்கள். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

இருட்டுவதற்குள் ஜீயபுரத்தில் கொண்டுபோய் விட்டேன். நோட்டுக்காரப் பெண், "போயிட்டு வரேண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கி வேகமாக நடந்தார். தலைவி மட்டும் ஜன்னலருகே நின்று, "அடுத்த வருஷம் தூத்துக்குடி போலாம்னு பேசியிருக்கோம். உங்களுக்கு அந்த ஊரு தெரியுமா?" என்றார்.

"வழி தெரியும்க்கா."

"அது போதும்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மறுபடி பாண்டிச்சேரி போனேன். மண்டபத்தில் ஆட்களை இறக்கியாயிற்று. தூக்கம் கண்ணைச் சுழற்றியது. இருந்தாலும் சட்டையை மாற்றிக்கொண்டு மியூசியத்துக்கு நடந்தேன். அன்று திங்கட்கிழமை. விடுமுறை என்று வாசல்காரர் சொன்னார். கடற்கரைச் சாலைக்குப் போய், பாறைகள் முடிந்து மணல் இருக்கும் பக்கமாக இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் முறையாக அந்தக் கடலில் கால் வைத்தேன். தண்ணீர் நான் நினைத்ததைவிடச் சூடாக இருந்தது.