முப்பத்திரண்டில் ஒன்று

2024 நவம்பர் 20, புதன்கிழமை, காலை 10.20. விடிந்ததிலிருந்து தூறல். எங்கள் அலுவலக வாசலில் நனைந்த குடைகள் ஏழு. எட்டாவது குடையோடு உள்ளே வந்தவர் நோணாங்குப்பம் பூங்காவனம் அம்மாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் 1981-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம்.

புதுச்சேரியில் ஆவணங்களை மொழிபெயர்த்து முத்திரையிட்டுக் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதலில் பிரெஞ்சு மட்டும். பிறகு பதினோரு ஆண்டுகள் புத்தகம் வைத்துப் படித்து ஸ்பானிஷும் சேர்த்துக்கொண்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த நவம்பரில் நடந்ததை எழுதுகிறேன்.

1. லட்சத்தை உடைப்பது

ஸ்பெயினில் லட்சமும் இல்லை, கோடியும் இல்லை. பத்திரத்தில் 1,84,50,000 ரூபாய் என்று இருந்தால் முதலில் நம் கமாக்களை மறந்துவிட வேண்டும். வலது பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துப் புள்ளி வைக்க வேண்டும்: 18.450.000. அங்கே கமா தசமத்துக்கு உரியது. நம் லட்சம் அவர்களுக்கு நூறு ஆயிரம். நம் கோடி அவர்களுக்குப் பத்து மில்லியன். நூறு கோடியை ஆயிரம் மில்லியன் என்பார்கள். இங்கிலீஷ் பில்லியனை மனதில் வைத்து 'பில்யோன்' என்று எழுதினால் தொகை ஆயிரம் மடங்கு வீங்கிவிடும்.

அங்கே பத்திரம் பதிகிற நொத்தேருக்கு எண் எழுத்தில் வேண்டும், இலக்கம் அதன் பின்னால்தான். மேலே உள்ள தொகை 'தியெஸிஒச்சோ மில்யோனெஸ் குவாத்ரோஸியெந்தாஸ் ஸிங்குவெந்தா மில் ரூபியாஸ்.' ரூபாய் அவர்களுக்குப் பெண்பால் என்பதால் நானூறு பெண்பாலாக மாறும், மில்லியன் மாறாது. இதைப் பிழையில்லாமல் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

பின்னங்களில் பத்தில் ஒன்று வரை தனித்தனிப் பெயர். அரைக்கு மெதியோ, மூன்றில் ஒன்றுக்குத் தெர்ஸியோ, காலுக்குக் குவார்த்தோ. அதற்கு மேல் எண்ணோடு 'ஆவோ' சேர்த்தால் போதும். பிரெஞ்சு படித்தவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் 'முப்பத்திரண்டாவது' என்பதையே பின்னத்துக்கும் போட்டுவிடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன், மூன்று முறை.

2. கோமதி

கோமதி வீராம்பட்டினத்துப் பெண், வயது முப்பத்து மூன்று. ஆறு ஆண்டுகள் ஒரு பயணிகள் கப்பலில் கேஷியராக இருந்தவள். உடன் வேலை செய்தவர்கள் எல்லாரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். இலக்கணம் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். எண் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள். நான் 18.450.000-ஐ மனதுக்குள் கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் சொல்லி முடித்து டீயும் குடித்திருப்பாள்.

அந்த அக்டோபரில் எங்களுக்கு வந்த ஸ்பானிஷ் வேலைகள் 23. அவளைக் கேட்டு வந்தவை 17. என்னைக் கேட்டு வந்தவை 2. மீதி 4 யாரையும் கேட்கவில்லை. அந்த நான்கையும் முதலாளி சவேரி, எங்கள் ஊர்ப் பிரெஞ்சு மரியாதையில் முசே சவேரி, அவளிடமே கொடுத்தார். பொறாமையாக இருந்தது. அதற்கு வேறு பெயர் தேட நான் விரும்பவில்லை.

பூங்காவனம் அம்மாள் வந்த அன்றும் அப்படித்தான் ஆயிற்று.

"எந் தம்பி முப்பது வருசத்துக்கு முன்ன கப்பல் வேலைக்குப் போயி ஸ்பெயின்லயே தங்கிட்டான். போன வருசம் செத்துட்டான்" என்றார். "அவன் பாகத்த அவன் பொண்ணு எனக்கு எழுதித் தரேன்னுது. டிசம்பர் பத்தாம் தேதி அங்க நொத்தேர் எதிர்ல கையெழுத்து போடணுமாம். அதுக்குள்ள இந்தப் பத்திரம் அந்த ஊரு பாஷைல போய்ச் சேரணும். அந்தக் கையெழுத்து வந்தாதான் பேங்க்ல வூட்டுக்கு லோன் குடுப்பாங்க. சமையக்கட்டு கூரை இந்த மழையில வுழுந்து போச்சு முசே."

முசே சவேரி பத்திரத்தை வாங்கி நேராகக் கோமதி மேசையில் வைத்தார். "சார், நீங்க செக் பண்ணிடுங்க" என்று என்னிடம் சொன்னார். பத்து ஆண்டுகளுக்கு முன் நான் எழுதுவேன், மற்றவர்கள் செக் செய்வார்கள்.

3. கூட்டல்

வியாழன் மாலை கோமதி வேலையை முடித்து வைத்தாள். வெள்ளிக்கிழமை மகனின் பள்ளிக்கூட வேலையாக அவள் லீவு. காலை 11.05-க்கு நான் செக் செய்ய உட்கார்ந்தேன்.

முப்பத்திரண்டு சென்ட் இடம். தகப்பன் நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்திருக்கிறார். பூங்காவனம், அவருடைய அக்கா, ஸ்பெயினுக்குப் போன தம்பி, மூவருக்கும் கால் பாகம். மூத்த அண்ணன் ஏழுமலைக்கு மட்டும் கோமதி 'ஸியெத்தே த்ரெய்ந்தாயிதோஸாவோஸ்' என்று எழுதியிருந்தாள். முப்பத்திரண்டில் ஏழு.

கூட்டினேன். எட்டு, எட்டு, எட்டு, ஏழு. முப்பத்தொன்று. ஒன்று குறைகிறது. மறுபடி கூட்டினேன், ஆசையாகக் கூட்டினேன் என்றே சொல்லலாம். அப்போதும் முப்பத்தொன்று.

மூலத்தைப் பார்த்தேன். பழைய பத்திர எழுத்தர் பின்னங்களைக் கால், வீசம் என்று பழைய முறையில் எழுதியிருந்தார். ஏழுமலையின் வரி சரியாக மடிப்பில் விழுந்து மசி கலைந்திருந்தது. 'கால்' என்பது தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு 'வீசம்' என்பது போல ஏதோ. கோமதி அதைக் 'காலில் அரைவீசம் நீக்கி' என்று படித்திருக்கிறாள். வீசம் பதினாறில் ஒன்று, அரைவீசம் முப்பத்திரண்டில் ஒன்று.

காகிதத்தை எடுத்துக்கொண்டு முசே சவேரியிடம் போனேன்.

"ஒரு பங்க முழுங்கியிருக்கா பாருங்க."

அவர் பார்த்தார். "அந்தப் பொண்ணு இப்படி வுடாதே சார். போன் போட்டுக் கேட்டுடலாமா?"

"கூட்டலுக்கு எதுக்கு போன்? கூட்டினா ஒன்னு வரணும். வரல."

"நீங்க சொன்னா சரிதான்" என்றார்.

நான் 'ஸியெத்தே த்ரெய்ந்தாயிதோஸாவோஸ்' என்பதை அடித்துவிட்டு 'உன் குவார்த்தோ' என்று போட்டேன். என் முத்திரையை வைத்தேன். மாலை 4.10-க்குக் கூரியர் போயிற்று. அன்றிரவு எட்டு இட்லி சாப்பிட்டேன். வழக்கமாக ஐந்து.

4. நான்காம் பக்கம்

திங்கட்கிழமை நகல்களைக் கோப்பில் வைக்கும்போது பத்திரத்தின் நான்காம் பக்கத்தைப் பார்த்தேன். அதை நான் முதலில் புரட்டவேயில்லை. அதில் ஒரு எண் கூடக் கிடையாது. எண் இல்லாத பக்கங்களைத் தாண்டிவிடுவது என் பழக்கம்.

அதில் இப்படி இருந்தது: ஏழுமலையின் பாகத்தில் நீக்கிய, உப்பங்கழி ஓரமாக உள்ள இடம் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் எல்லாருக்கும் பொதுவில் விடப்பட்டது. அது ஒருவர் பாகத்திலும் சேராது. ஒருவரும் அதில் வேலி போடக் கூடாது.

பாகங்கள் கூடி ஒன்று ஆகவே கூடாது என்றுதான் அந்தத் தகப்பன் எழுதி வைத்திருக்கிறார். கோமதி அந்தப் பக்கத்தையும் சரியாகவே மொழிபெயர்த்திருந்தாள். நான்தான் பாகக் கணக்கில் பொதுவிடத்தை ஏழுமலைக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கோமதி எனக்கு ஆறடி தூரத்தில் யாரோ ஒருவரின் ஓய்வூதியத் தொகையைப் போனில் ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டே. நான் கோப்பை மூடினேன். செவ்வாய் சொல்லவில்லை. புதன் சொல்லவில்லை. வியாழன் அவளே வந்து "நோணாங்குப்பத்து வேல போயிடுச்சா சார்?" என்று கேட்டாள். "போயிடுச்சு" என்றேன்.

வெள்ளிக்கிழமை, 29-ஆம் தேதி காலை, பூங்காவனம் அம்மாள் ஒரு பையில் இறாலோடு வந்தார். புயல் எச்சரிக்கை இருந்ததால் தெருவில் ஆள் குறைவு.

"எங்க அண்ணன் ரெண்டு வாட்டி அந்தப் படகு ஏத்துற எடத்துல முள்ளு வச்சி அடைச்சான் ஐயா. ரெண்டு வாட்டியும் பத்திரத்தக் காட்டித்தான் எடுக்க வச்சோம். அதுல அது நல்லா எழுதியிருக்குதில்ல? அந்த ஊரு பாஷைலயும் வந்துடுச்சில்ல?"

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். அம்மாள், முதலாளி, கோமதி மூவரும் இருக்கும்போதே சொன்னேன்.

பூங்காவனம் அம்மாள் இறால் பையைக் கீழே வைத்தார். பிறகு, "அவன் அடைச்சுட்டான்னா படக எங்க ஏத்துறது? ஒங்க ஆபீஸ் மேலயா?" என்றார்.

முசே சவேரி என்னைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தார்.

கோமதி ஏற்கெனவே கணினியைத் திறந்திருந்தாள். "எப்பத் தெரிஞ்சுது சார்?"

"திங்கக்கிழம."

"திங்கக்கிழமயே சொல்லியிருந்தா அன்னைக்கே வேற அனுப்பியிருக்கலாம். என்னக் கேட்டா ஒங்க ஸ்பானிஷ் கொறஞ்சிடுமா?"

நாற்பது நிமிடத்தில் அவள் புதிய பிரதியை எடுத்துக் கொடுத்தாள். பழையதில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று ஸ்பெயினிலிருக்கும் பெண்ணுக்கும் போனில் அவளே சொன்னாள். மழையில் நான் காகிதத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கூரியர் கடைக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. இரண்டாவது கடையும் அப்படியே, மூன்றாவதும்.

5. பிப்ரவரி

சனிக்கிழமை புயல் கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். புதன்கிழமைதான் கூரியர் எடுத்தார்கள். ஸ்கேன் செல்லாது, முத்திரையிட்ட மூலப் பிரதி நேரில் வேண்டும் என்று நொத்தேர் சொல்லிவிட்டார். அது போய்ச் சேர்ந்தது டிசம்பர் 11, ஒரு நாள் தாமதம். அடுத்த தேதி பிப்ரவரி 4. அதுவரை பூங்காவனம் அம்மாள் தார்ப்பாய்க்குக் கீழேதான் சமைத்தார். மூன்று முறை போய்ப் பார்த்தேன். மூன்றாம் முறைதான் உள்ளே வரச் சொன்னார்.

பிப்ரவரியில் கையெழுத்து ஆயிற்று. மார்ச்சில் நான் ஓய்வு பெற்றேன். கோமதி இப்போதும் என்னைவிட வேகமாக எண் சொல்கிறாள். அது எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பின்னங்களைக் கூட்டிப் பாருங்கள். ஒன்று வரவில்லை என்றால் திருத்தாதீர்கள். எண் இல்லாத பக்கத்தைப் படியுங்கள். எழுதியவரிடம் கேளுங்கள், அவரைப் பிடிக்காவிட்டால் இன்னும் சீக்கிரம் கேளுங்கள்.

இரண்டாவது கூரியர் 3,150. நொத்தேர் புதிய தேதிக்கு வாங்கிய கட்டணம் 10,740. தார்ப்பாய், கயிறு, சவுக்குக் கழி 4,260. மூன்றையும் நான்தான் கொடுத்தேன். மொத்தம் பதினெட்டாயிரத்து நூற்று ஐம்பது ரூபாய்.