இழவு நோட்டீஸின் மேல்

இன்று காலை வாசலில் மைதாப் பசையின் வாடை மூக்கில் ஏறியதும், கடமலைக்குண்டில் இப்போது கட்சி மாவட்டச் செயலாளரின் கல்யாண மண்டபம் நிற்கிற இடத்தில், என் சின்ன வயதில் இருந்த கட்சிப் படிப்பகத்துக்குள் போய்விட்டேன். காற்றுக்குத் தகரக் கூரை சடசடக்க, கரிபிடித்த டின்னில் பசை பொளக் பொளக்கென்று கொதிக்க, என்னைப் பெற்ற அய்யா பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் கிண்டியபடியே, போஸ்டர் ஒட்டக் கிளம்புகிறவர்களிடம் ஒரே பாட்டைத்தான் படிப்பார்: "இழவு நோட்டீஸ் மேல மட்டும் ஒட்டிராதீகப்பா, எதிர்க்கட்சிக்காரன் வீட்டு இழவா இருந்தாலும்."

அந்தப் படிப்பகத்தை இடித்ததும் இதே கட்சிதான். அன்றைக்கும் அய்யா கரைவேட்டியை விடவில்லை. "கட்சி என்ன செய்யும், ஆளுகதான் மாறிட்டாக" என்றார். வெட்கங்கெட்ட விசுவாசம்.

போன வாரம் அய்யா செத்துப்போனார். கட்சியிலிருந்து ஒரு மாலைகூட வரவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த அவருடைய படம் போட்ட கண்ணீர் அஞ்சலி நோட்டீஸின் மேல், இப்போது ஈரம் காயாத பிறந்தநாள் போஸ்டரில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார் மாவட்டச் செயலாளர்.

நான் அதில் கை வைத்ததும் அம்மா பதறினாள்.

"கிழிக்காத ஆத்தா, நம்ம கட்சியாச்சே!"

கிழித்தேன். பசை நல்ல பசை. அய்யாவின் முகமும் கூடவே உரிந்து வந்தது.