விரலை எடுத்த கதை

"குழந்தைகள் இயன்முறை சிகிச்சையாளர்: அமைதியானவர், நிதானமான அசைவுகள் உடையவர், குழந்தையின் வேகத்துக்கு இறங்கி வருபவர்" என்று அந்தச் சிகிச்சைக்கூடத்தின் வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எழுதியவர் பம்பரத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் முதல் வரியிலேயே பேனாவை மூடியிருப்பார்.

பம்பரம் என்பது கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். அதாவது, ஏற்கெனவே திரும்பிக்கொண்டுதான் இருப்பாள். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். நின்றால் விரல் எதையாவது தட்டும். டீயை ஆறவிடப் பொறுமை கிடையாது, ஆகவே நாக்கு எந்நேரமும் சுட்டுப்போயிருக்கும். "உக்காந்து சாப்பிடேன், தட்டுக்கு என்ன கால் முளைச்சிருக்கா?" என்பார் கணவர். "உக்காந்தா எதையோ மறந்த மாதிரி இருக்குங்க" என்று நின்றபடியே விழுங்குவாள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, பிள்ளைகளை ஆடாமல் நிற்க வைப்பது.

அவளிடம் வந்த பிள்ளைகளில் ஒருத்தி வாயாடி. ஏழு வயது, மூளை முடக்குவாதம். இரண்டு கால்களும் விறைத்துக்கொள்ளும், முட்டிகள் உரசும். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டால் சிட்டாகப் பறப்பாள். விட்டால், சுவரில் சாய்த்துவைத்த துடைப்பம் போலச் சரிவாள். வாய்க்கு மட்டும் எந்த வாதமும் கிடையாது.

விடுமுறை முடிந்ததும் அவள் பள்ளிக்கூடம் சேர வேண்டும். தலைமையாசிரியை நல்லவர்; நல்லவர்களுக்கே உரிய கண்டிப்போடு சொல்லிவிட்டார்: "வாஷ்பேசின்ல தனியா நின்னு கை கழுவட்டும், சேத்துக்கறேன். பிடிச்சுக்க எங்ககிட்ட ஆள் இல்லம்மா. இல்லன்னா நீங்க கூடவே இருக்கணும்." கழுவ இரண்டு கையும் வேண்டும், பிடித்துக்கொள்ள மூன்றாவது கை யாருக்கும் இல்லை. அம்மாவுக்குத் துணிக்கடையில் வேலை. பள்ளிக்கூடத்தில் கூடவே இருந்தால் வேலை போகும். வேலை போனால் பள்ளிக்கூடமும் போகும்.

பம்பரம் களத்தில் குதித்தாள். மெத்தைப் பலகை, ஏறினால் ஆடும் பலகை, பெரிய பந்து, எதிரே ஆளுயரக் கண்ணாடி. வாயாடி நின்றாள். நின்றபடி வளையங்களை எடுத்தாள், கோத்தாள். பம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு குறை.

"வீட்ல நிக்கவே மாட்டேங்கிறா டாக்டரம்மா" என்றாள் அம்மா.

"நீங்க செல்லம் குடுக்குறீங்க."

"ஆமாங்க. நாளெல்லாம் கடையில நின்னுட்டு வந்து, செல்லம் குடுக்க மட்டும்தான் எனக்குத் தெம்பிருக்கு."

ஒரு நாள் சிகிச்சைக்கூடத்தின் தலைவி வந்து பார்த்தார். "நல்லா நிக்கிறாளே. கையை எடும்மா."

"எடுத்துட்டேன் மேடம்."

"முழுசா எடு."

"முழுசாத்தான் மேடம்!"

"இல்ல, இருக்கு" என்றாள் வாயாடி, கண்ணாடியைப் பார்த்தபடியே. "கவுன் ஓரத்துல ரெண்டு விரல்."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். இருந்தன. பம்பரமும் பார்த்தாள், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன விரல்களைப் போல.

"எப்பவுமா?" என்றாள் பம்பரம்.

"எப்பவும்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா எடுத்துடுவீங்களே!"

இந்தத் தொழிலில் புதிதாக வந்தவர்கள் இறுக்கிப் பிடிப்பார்கள்; ஒரே பார்வையில் மாட்டிக்கொள்வார்கள். கை தேர்ந்தவர்களின் பிடிதான் ஆபத்து. பிடிப்பது அவர்களுக்கே தெரியாது. வாயாடி இத்தனை நாளும் தரையில் நிற்கக் கற்கவில்லை, அந்த இரண்டு விரல்களின் மேல் நிற்கக் கற்றிருந்தாள். விடுமுறையில் பாதி போய்விட்டது.

பம்பரம் விரல்களை எடுத்தாள். வாயாடி லேசாக ஆடினாள். பிடிக்கப் பாய்ந்தாள் பம்பரம். பாய்ந்த வேகத்தில் குழந்தை திடுக்கிட்டு, கால்கள் விறைத்து, விழுந்தாள். அடுத்த முறை பம்பரம் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். கை இல்லாமலே பாய்ந்ததில் நெற்றியும் நெற்றியும் மோதின.

"நான் ஆடுனா நீங்க ஏன் குதிக்கிறீங்க?" வாயாடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நீங்க வீட்டுக்குப் போங்க ஆன்ட்டி. நானே விழுந்துக்கறேன்."

பம்பரத்துக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை, நின்றும் கூட.

மறுநாள் தடித்த பாய்களைச் சுற்றிலும் விரித்தாள். முதலில் விழக் கற்றுக்கொடுத்தாள்: முட்டியை மடக்கு, உள்ளங்கையை முன்னால் போடு, தலையைத் தூக்கு. பிறகு குழந்தையை நடுவில் நிறுத்திவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் சம்மணம் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்தாள். வாயாடி ஆடினாள். பம்பரம் கைகளை இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். வாயாடி விழுந்தாள், எழுந்தாள், திட்டினாள், மறுபடி விழுந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அம்மாவால் பொறுக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "குழந்தை விழறத வேடிக்கை பாக்குறீங்களே! நீங்க என்ன கல்லா?"

பம்பரத்தை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"கதவைச் சாத்துங்க" என்றாள், அவளைப் பார்க்காமலே. "உங்களப் பாத்தேன்னா எழுந்துடுவேன். தயவுசெஞ்சு சாத்துங்க."

அம்மா கதவைச் சாத்தினாள். உள்பக்கமாக. பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் கைகளை அடியில் வைத்துக்கொண்டாள்.

நாளாக ஆக, ஆடுவதற்கும் விழுவதற்கும் நடுவே சிறு இடைவெளி வந்தது. அதற்குள் கால்விரல்கள் தரையைத் தேடின. இடுப்பு ஒரு பக்கம் நகர்ந்து பார்த்தது. ஒரு கை தானாக வெளியே போனது. சில நேரம் அதற்குப் பிறகும் விழுந்தாள். சில நேரம் விழவில்லை.

பள்ளிக்கூடத்தில் வாஷ்பேசின் முன்னால் நடைவண்டியைத் தள்ளிவிட்டாள் வாயாடி. குழாயைத் திறந்தாள். சோப்பு வழுக்கி ஓடியது. அதைத் துரத்தி உடம்பு முழுக்கச் சாய்ந்தது. தாழ்வாரத்தில் அம்மாவும் பம்பரமும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்திருந்தார்கள். யார் யாரை நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. வாயாடியின் முழங்கை பேசின் விளிம்பில் இடித்தது, தள்ளியது, நிமிர்ந்தாள்.

"சோப்ப எடுத்துக் குடுங்க டீச்சர், சும்மா நிக்காம."

தலைமையாசிரியை எடுத்துக் கொடுத்தார். வாயாடி இரண்டு கையையும் கழுவினாள். மறுவாரம் வகுப்பில் சேர்ந்தாள்.

பம்பரம் செய்தது இவ்வளவுதான்: அந்த விடுமுறையின் பின்பாதியில், காலை நேரங்களில், ஒரு பாயில் தன் கைகளின் மேல் உட்கார்ந்து ஒரு குழந்தையை விழவிட்டாள்.